கருவுற்ற சுறாவும் கடலோர மக்களும்

அண்மையில் ஒரு ஞாயிறு மாலை, ஜெபமாலை முடிந்து கோவில் முற்றத்தில் சிலர் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். வெளிநாட்டில் கப்பல் பணி செய்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர், தாம் அங்கே கண்ட ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். சுறாக்களையும் கடலையும் நேசிப்பவர்கள் ஒன்றுகூடும் விழா அது. கட்டணம் செலுத்தி உள்ளே போக வேண்டுமாம். சுறாப் பல்லைக் கழுத்தில் கோத்து அணிந்தவர்கள், சுறா உருவம் பதித்த சட்டையோடு ஓடித் திரியும் சிறுவர்கள், கடலடியில் எடுத்த வண்ணப்படங்கள், அறிஞர்களின் சொற்பொழிவுகள் என்று மூன்று நாள் நடந்ததாம். எல்லாரும் வியப்போடு கேட்டிருந்தோம். தூண்டிற்கயிறு அறுத்து அறுத்துக் கை காய்த்துப்போன முதியவர் ஒருவர் மட்டும், நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அது செரி மக்கா, அங்க சுறா புடிக்கப் போறவன் எவனாவது வந்திருந்தானா?" என்று கேட்டார். இளைஞர் சிரித்தார். பதில் சொல்லவில்லை.

அந்தக் கேள்வி அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. குளச்சலின் வரலாறு என்றவுடன் 1741ஆம் ஆண்டையும், மார்த்தாண்டவர்மர் டச்சுக்காரரை வென்ற போரையும், கடற்கரையில் நிற்கும் வெற்றித் தூணையும் எண்ணிப் பெருமைப்படுகிறோம். பெருமைப்படத்தக்கதே. ஆனால் பீரங்கிக்கும் கொடிமரத்துக்கும் முன்பே தொடங்கி இன்றுவரை நீளும் வேறொரு வரலாறும் இக்கரைக்கு உண்டு. அது மனிதனும் சுறாவும் சேர்ந்து எழுதிய வரலாறு. சுறாவை முன்னிட்டு மக்கள் கூடுவது மேல்நாட்டாரின் புதிய வழக்கம் என்று நாம் எண்ணினால், நம் முன்னோரை நாம் அறியவில்லை என்றே பொருள்.

கொம்பை நட்டு வணங்கியோர்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை, கரிகாலனின் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் நூல். வணிகர் தெருவையும் துறைமுகத்தையும் அதில் படித்தவர்கள் பலர். அதே நூலில் பரதவரின் திருநாள் ஒன்றும் வருகிறது. முழுமதி நாளில் அவர்கள் கடலுக்குப் போவதில்லை. கருவுற்ற சுறாவின் கொம்பை மணலில் நட்டு, அதில் தெய்வம் உறைவதாகக் கொண்டு வணங்குகிறார்கள். பின்பு மலர் சூடி, உண்டு, களித்து ஆடுகிறார்கள்.

கொம்புடைய சுறா என்பது, வாள்போல் நீண்டு இருபுறமும் பல் வைத்த மூக்கை உடைய மீன். நம் கரையில் அதனை வேளா என்பர். இன்றைய உயிரியல் அறிஞர் அதனைத் திருக்கை இனத்தோடு சேர்ப்பர்; நம் முன்னோருக்கு அது சுறாதான். இந்தக் கொம்பு வலையைக் கிழிக்கும். மனிதனின் வயிற்றையும் கிழிக்கும். தன்னைக் கொல்லக்கூடிய ஒன்றின் உறுப்பையே நட்டு வணங்கிய அம்மக்களை, அச்சத்தால் வணங்கினர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடலாம். ஆனால் புலவர் 'கருவுற்ற' என்னும் அடையை வீணாகச் சேர்த்திருக்க மாட்டார். வேளா முட்டையிடுவதில்லை, குட்டி ஈனும். வயிற்றைக் கீறிப் பார்த்த பரதவனுக்கு இது தெரியும். கொல்லும் கொம்பையும் சுமக்கும் கருவையும் ஒரே உயிரில் கண்டு, அதன்முன் அவன் கைகூப்பினான். அந்த ஒரு நாளாவது கடலுக்கு ஓய்வும் கொடுத்தான்.

தாய்மையோடு சுறாவைச் சேர்த்து நினைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் அறுபடவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று பால் சுறாவை அவித்து உதிர்த்துப் புட்டாக்கிக் கொடுக்காத கடற்கரைத் தாய் உண்டோ?

கடலைக் கட்டியவர்

அடுத்த காட்சி மன்னார் வளைகுடாவில். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். எடுக்கும் முத்தில் பத்தில் ஒரு பங்கு மன்னருக்கு. இருபதில் ஒரு பங்கு, குளிப்பவரைப் பெருமீன்கள் தீண்டாதபடி மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு. வரிக் கணக்கில் மன்னருக்கு அடுத்த இடத்தில் சுறா நின்றது என்று சொன்னால் மிகையாகாது.

அவர் தரும் இன்னொரு செய்தி சிந்திக்கத்தக்கது. அந்தக் கட்டு பகலுக்கு மட்டுமே. மாலையானதும் மந்திரக்காரர் கட்டை அவிழ்த்துவிடுவாராம். அவருடைய நூலின் பிரதி ஒன்று அதற்குக் காரணமும் கூறுகிறது: இரவில் திருட்டுத்தனமாக மூழ்கிச் சிப்பி எடுப்பவர்கள் சுறாவுக்கு அஞ்சி விலகட்டும் என்பதற்காகவாம். பகலில் எதிரியாக இருந்த சுறா, இரவில் முத்துப்பாரின் காவலனாகிவிட்டது. சிப்பிகள் இரவில் ஓய்ந்து வளரவும், ஒருவன் எல்லாருடைய பங்கையும் அள்ளிக்கொள்ளாதிருக்கவும், அந்த அச்சம் ஒரு வேலியாயிற்று.

காலம் மாறியது. 1536–37இல் பரதவர் பெருந்தொகையாகத் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1544இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையோரம் நடந்து, ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்குமேல் முக்குவருக்குத் திருமுழுக்களித்ததாக அவரே மடல் எழுதினார். அந்த மடலில் சொல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று இக்கரையில் வாழும் நாம். தெய்வம் மாறியது, கோவில் மாறியது. சுறாவைக் கட்டும் வழக்கமோ மாறவில்லை.

1799 முதல் 1804 வரை கொழும்பில் ஆங்கிலத் திருச்சபைக் குருவாயிருந்த ஜேம்ஸ் கார்டினர், இலங்கைக் கரை முத்துக்குளிப்பில் கண்டதை 1807இல் வெளியான தம் நூலில் எழுதினார். சுறாக் கட்டும் உரிமை ஒரே குடும்பத்துக்கு உரியது. ஒருவர் தலைமை வழிகாட்டியின் படகில் கடலுக்குப் போவார். மற்றொருவர் கரையில், எவரும் காணாத அறைக்குள், படகுகள் திரும்பும்வரை அடைந்திருப்பார். அவர்முன் நீர் நிறைந்த பித்தளைப் பாத்திரம். அதனுள் வெள்ளியால் செய்த ஆண்மீன் ஒன்று, பெண்மீன் ஒன்று. கடலில் சுறாவால் தீங்கு நேர்ந்தால், ஒரு வெள்ளி மீன் மற்றதைக் கடிப்பது தெரியும் என்று நம்பினார்கள். கார்டினர் இவர்களை ஏமாற்றுக்காரர் என்கிறார். ஆயினும், இவர்களில் ஒருவர் உடன் வந்தாலன்றி எந்தக் குளியாளும் கடலில் இறங்கான் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறார்.

அவருக்குப் பின், 1845 முதல் இலங்கையில் குடியேற்ற அரசின் செயலாளராயிருந்த எமர்சன் டென்னன்ட் சொல்வது நமக்கு இன்னும் நெருக்கமானது. 'கடல்கட்டி' என்று தமிழர் அழைக்கும் அப்பணி பரம்பரையாக வருவது. அதைச் செய்கிறவர் எந்தச் சமயத்தவர் என்பதைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. ஏனெனில் அப்போது அக்குடும்பத்தின் தலைவர் ஒரு கத்தோலிக்கர்! டென்னன்ட் போன அன்று அவருக்கு உடல்நலமில்லை. பதிலுக்கு ஒருவரை அனுப்பியிருந்தார். வந்தவரோ, மந்திரத்தின் மறைபொருள் தமக்குத் தெரியாது என்றும், தம் தலைவரின் சார்பாளர் என்பதற்காகவே சுறாக்கள் தமக்கு மதிப்பளிக்கும் என்றும் உறுதி சொன்னாராம்.

இதைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. குருமடத்தில் இறையியல் பயின்றவன் என்ற முறையில், மூடநம்பிக்கை என்று நான் முகம் சுளிக்கவும் வேண்டும். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்கிறேன். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, பல பாகம் ஆழத்துக்குள் இறங்குகிறவனுக்குத் தன் அச்சத்தைத் தானே சுமக்க முடியாது. அவனுக்காகக் கரையில் ஒருவர் உண்ணாமல், உறங்காமல், ஒரு பாத்திரத்து நீரையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணமே அவனை இறக்கியது. தனக்காகக் கரையில் ஒருவர் விழித்திருக்கிறார் என்று கடலுக்குள் இருப்பவன் அறிய வேண்டும். இதை மறந்த அரசுகள் பின்னாளில் என்ன செய்தன என்பதை இனிக் காண்போம்.

வேட்டையின் காலம்

இருபதாம் நூற்றாண்டில் சுறா சந்தைப் பொருளாயிற்று. முன்பும் அதன் இறைச்சியைக் கருவாடாக்கினோம். ஈரல் எண்ணெயை வள்ளத்தின் பலகைக்குப் பூசினோம். இரண்டாம் உலகப் போரின்போது மேல்நாட்டுக் காட் மீன் எண்ணெய் வருவது தடைப்பட்டதும், மலபாரிலும் திருவிதாங்கூரிலும் சுறா ஈரலிலிருந்து மருந்தெண்ணெய் எடுக்கும் தொழில் வளர்ந்தது. குளச்சல் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956 நவம்பர் முதல் நாளில்தான் தமிழகத்தோடு இணைந்தது. பின்னர்ச் சீன நாட்டு விருந்துகளில் சுறாத் துடுப்புச் சாற்றுக்கு மதிப்பு ஏற ஏற, துடுப்பின் விலையும் ஏறியது.

இந்த வேட்டையில் இந்தியாவெங்கும் பெயர் பெற்றவர்கள் நமக்கு மேற்கே, இதே கரையில் வாழ்பவர்கள். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி முதலிய ஊர்களின் ஆண்கள், நெடுங்கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில்களைக் கட்டி, ஆழ்கடலில் சுறாவைத் தேடிப் போனார்கள். கட்டுமரத்தில் தொடங்கியவர்கள் விசைப்படகுக்கு மாறினார்கள். கொச்சியைத் தங்குதுறையாக்கி, இலட்சத்தீவுக்கு அப்பாலும், குஜராத் வரையிலும் வாரக்கணக்கில் கடலில் தங்கினார்கள். எந்தக் கல்லூரியும் கற்பிக்காத கல்வி அது. நீரோட்டத்தின் நிறமும், பறவையின் வட்டமும், விண்மீனின் நிலையும் அவர்களுக்குப் பாடநூல்.

ஆனால் சுறாவின் இயல்பே அதற்குப் பகையாயிற்று. மத்தி பல்லாயிரக்கணக்கில் முட்டையிடும். ஒரு பருவத்தில் இழந்ததை மறு பருவத்தில் ஈடு செய்யும். பெரும்பாலான சுறாக்கள் பருவமடையவே பல்லாண்டுகள் ஆகும். நெடுங்காலம் கருவைச் சுமந்து, சில குட்டிகளையே ஈனும். நாற்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகக் கடலில் நிலைத்த இனம், தன்னைவிட வேகமாகக் கொல்லும் ஒருவனை இதற்குமுன் சந்தித்ததில்லை. 1970க்குப் பிந்திய அரை நூற்றாண்டில் ஆழ்கடல் சுறா, திருக்கை இனங்களின் எண்ணிக்கை 71 விழுக்காடு குறைந்துவிட்டது என்று 2021இல் அறிஞர்கள் கணித்தனர்.

மேல்நாட்டாரின் மனமாற்றமும் இக்காலத்தில்தான் நிகழ்ந்தது. பீட்டர் பெஞ்ச்லி 1974இல் எழுதிய 'ஜாஸ்' புதினமும், மறு ஆண்டு வந்த திரைப்படமும் சுறாவை அரக்கனாக்கின. உண்மையில் உலகம் முழுவதிலும் சுறாவால் இறப்போர் சராசரியாக ஆண்டுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. தாம் செய்ததை எண்ணி வருந்திய பெஞ்ச்லி, 2006இல் இறக்கும்வரை சுறாக்களைக் காக்கவே பேசியும் எழுதியும் வந்தார். நம் இளைஞர் கண்ட விழாவின் வேர் இத்தகைய மனமாற்றத்தில் இருக்கிறது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

கேளாமல் வந்த ஆணை

2001 மே மாதம், திமிங்கிலச் சுறாவை இந்திய அரசு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் உரிய பாதுகாப்பு அது. இரண்டே மாதம் கழித்து, ஜூலையில், சுறா, திருக்கை இனங்கள் அனைத்தும் ஒரே ஆணையில் அந்த அட்டவணைக்குள் வந்தன. சட்டப்படி, தலைமுறை தலைமுறையாகச் செய்த தொழில் ஒரு நாள் காலையில் குற்றமாயிற்று. பால் சுறாவைச் சந்தைக்குக் கொண்டுவரும் பெண்ணும், ஆழ்கடலில் தூண்டிலிடுகிறவனும் புலியைக் கொன்றவனுக்குச் சமமாயினர்.

மீனவர்கள் எதிர்த்தார்கள், தூத்தூர்ப் பகுதி மக்கள் முன்னின்றார்கள். அவ்வாண்டு டிசம்பரில் ஆணை திருத்தப்பட்டு, பத்து இனங்கள் மட்டும் பட்டியலில் நின்றன. அப்பத்தில் மூன்று வேளா இனங்கள். எந்தக் கொம்பை நட்டு நம் முன்னோர் வணங்கினரோ, அந்தக் கொம்புடைய மீன் இன்று நம் கடலில் காண்பதற்கே அரிதாகிவிட்டது. ஆணை தவறான நோக்கத்தில் பிறந்ததன்று. 2013இல் துடுப்பை மட்டும் அறுத்துவிட்டு உடலைக் கடலில் எறிவது தடுக்கப்பட்டதும், 2015இல் துடுப்பு ஏற்றுமதி நிறுத்தப்பட்டதும், 2022இல் சட்டம் திருத்தப்பட்டு மேலும் பல இனங்கள் பட்டியலில் ஏறியதும் தேவையானவையே. ஆனால் 2001 ஜூலையில் முடிவெடுத்தவர்கள், எந்த மீன் எங்கே குறைகிறது என்று நன்கறிந்தவர்களிடம் முதலில் கேட்டிருக்கலாம். கடலுக்குள் இருப்பவன் கரையைத் திரும்பிப் பார்த்தபோது, அங்கே அவனுக்காக விழித்திருந்தவர் எவருமில்லை.

பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, அதே ஆழ்கடல் மீனவர்களே பெருந்தொகையாக மாண்டனர். தேடுவதற்கு எவரும் வரவில்லை என்று குழித்துறைத் தொடர்வண்டி நிலையத்தில் அமர்ந்து அழுத பெண்களின் கேள்வியும் இதுவேதான்.

தாய்வீட்டுக்கு வந்த மகள்

வேறொரு வழியும் இருந்தது என்பதற்குக் குஜராத் சான்று. அங்கே வெராவல் முதலிய துறைகளில், 1990களில் திமிங்கிலச் சுறாவை ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் வேட்டையாடினார்கள். பீப்பாய்களைக் கட்டி அதனை மூழ்கவிடாமல் பிடித்ததால், 'பேரல்' என்றே அதற்குப் பெயர். இறைச்சி வெளிநாட்டுக்கு, ஈரல் எண்ணெய் படகுக்கு. மைக் பாண்டே 2000ஆம் ஆண்டில் எடுத்த ஆவணப்படம்தான் இக்கொலையை நாட்டுக்குக் காட்டியது.

சட்டம் வந்தும் வேட்டை முழுவதும் நிற்கவில்லை. அப்போது இந்தியக் காட்டுயிர் அறக்கட்டளையினர் மீனவர் ஊர்களுக்கே போனார்கள். 2004இல் இராமகதை சொல்லும் மொராரி பாபு அவர்களோடு சேர்ந்தார். அவர் சட்டப் பிரிவுகளைப் பேசவில்லை. "இது கடல் கடந்து உங்கள் கரைக்கு வரும் மகள், பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறவள், அவளையா கொல்வீர்கள்?" என்னும் கருத்தில் பேசினார். 'வ்ஹாலி', அன்புக்குரியவள், என்று அதற்குப் பெயரிட்டார்கள். காற்றடைத்த பெருஞ்சுறா உருவம் ஒன்று ஊர் ஊராகச் சென்றது. தெருநாடகம் நடந்தது. நகரங்கள் அதனைத் தங்கள் சின்னமாக ஏற்றன. கார்த்திகை அமாவாசை திமிங்கிலச் சுறா நாளாயிற்று.

பேச்சோடு அவர்கள் நிற்கவுமில்லை. வலையில் சிக்கிய சுறாவை விடுவிக்க வலையை அறுக்க வேண்டும்; வலை என்பது ஏழையின் கடன். அதனால் கிழிந்த வலைக்கு அரசு ஈட்டுத்தொகை கொடுத்தது. அதன்பின் கொன்றவர்களே விடுவிப்பவர்களானார்கள். இன்றுவரை பல நூறு சுறாக்கள் அவர்கள் கையால் கடலுக்குத் திரும்பியிருக்கின்றன. சுறாவை நேசிப்பவர்களின் உண்மையான மாநாடு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், கத்தியை எடுத்துத் தன் வலையையே அறுக்கும் அந்தப் படகைத்தான் நான் சொல்வேன்.

1995இல் தைவான் கரையில் பிடிபட்ட ஒரு திமிங்கிலச் சுறாவின் வயிற்றில் 300 கருக்கள் இருந்தன. அதுவரை அவ்வுயிர் குட்டி ஈனுமா, முட்டையிடுமா என்பதே அறிஞருக்கு உறுதியாகத் தெரியாது. அறிவியல் அதைக் கண்டதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, கருவுற்ற வேளாவின் கொம்பை நட்டு வணங்கினான் தமிழ்ப் பரதவன். குஜராத்தியர் மகளாகக் கண்டதை அவன் தெய்வமாகக் கண்டான். இரண்டுக்கும் அடியில் ஓடும் உணர்வு ஒன்றே: இவளும் ஒரு தாய்.

முற்றத்தில் கேட்ட கேள்வி

திருப்பாடலாசிரியர், பெருங்கடலில் விளையாடுவதற்கென்றே இறைவன் ஒரு மாபெரும் உயிரைப் படைத்ததாகப் பாடுகிறார். நமக்குப் பயன்படாத, நம்மை அச்சுறுத்துகிற ஒன்றும் அவருடைய மகிழ்ச்சிக்கு உரியது என்பது அதன் பொருள். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலில், பூமியின் கூக்குரலையும் ஏழைகளின் கூக்குரலையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்றார். ஒன்றைக் கேட்டு மற்றதைக் கேளாதவன் இரண்டையும் கேட்கவில்லை.

நம் பங்கு மக்களுக்கும் இதில் கடமை உண்டு. கேட்கப்படவில்லை என்று மனம் நொந்தால் மட்டும் போதாது. குட்டிச் சுறாவைக் கூடை கூடையாகக் கரையில் கொட்டும்போது நம் பேரப்பிள்ளைகளின் பங்கை விற்கிறோம் என்பதை நாமே நம்மிடம் சொல்லிக்கொள்ள வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் கடல் நம் உறவுகளைக் கொண்டுபோயிற்று. ஆயினும் அடுத்த ஆண்டே நாம் மீண்டும் அதில் இறங்கினோம். கடலை மன்னிக்கத் தெரிந்த மக்கள் நாம். அதைக் காக்கவும் நமக்குத் தெரியும், நம்மை அழைத்துக் கேட்டால்.

சில நாள் கழித்து அந்த முதியவரை வலை உலர்த்தும் மணலில் கண்டேன். குஜராத்தின் கதையைச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, தம் இளம் வயதில் சூல்கொண்ட சுறா ஒன்று தூண்டிலில் சிக்கியதையும், வயிற்றைக் கீறியபோது உயிரோடு துடித்த குட்டிகளைத் தம் தந்தை ஒவ்வொன்றாக எடுத்துக் கடலில் விட்டதையும் சொன்னார்.

"எதுக்குன்னு அப்போ எனக்குத் தெரியல்ல சாமி. அப்பனும் சொல்லல்ல."

அந்தத் தந்தை எந்த மாநாட்டுக்கும் போனவரல்லர். அவருக்கு அங்கே ஓர் இருக்கை போட்டுவைக்க வேண்டும்.